படுத்துப் பார்த்தால் தெரியும்

ஜனவரி 20, திங்கள்

உரக்கடைக்காரர் இந்த வருஷமும் டைரி கொடுத்தனுப்பியிருக்கிறார். உறையின் மேல் "திரு. நாச்சிமுத்து, கண்டக்டர் (ஓய்வு)" என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆள் போய்ப் பத்து மாசத்துக்கு மேல் ஆகிறது. கடைக்காரர் எழவுக்கு வந்து மாலை போட்டுவிட்டுப் போனவர்தான். சீட்டு ஒட்டுகிறவருக்கு யாரும் சொல்லவில்லை போல. எங்கள் வீட்டுக்காரர் இருந்தால் இதில் மோட்டார் போட்ட நேரமும் மழை பெய்த நாளும் எழுதுவார். தாளை வீணாக்க வேண்டாம் என்று நான் எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தது இதற்காவது உதவட்டும்.

நாத்தனார் துளசிமணி போன் செய்தார். அவருக்கு அக்கா, எனக்கு அண்ணி முறை. மாசியில் வருஷ திதி வருகிறது.

"எந்தம்பி செத்தப்ப உன்ற கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரல. பாடை தூக்கறப்பவும் கல்லாட்டம் நின்ன. திதிக்கு ஒறம்பரை சனம் பூராவும் வருது. அன்னிக்காவது நாலு பேரு பாக்க அழுது தொலை மயிலாத்தா."

"சரிங் அண்ணி" என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டேன். வரவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டிருக்கலாம். கீரை கடைந்தேன். உப்பு கூடிவிட்டது.

ஜனவரி 23, வியாழன்

பக்கத்து வீட்டு நிவேதிகா, காலேஜில் சினிமாப் படிப்புப் படிக்கிறவள், கூடப் படிக்கிற இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தாடி வைத்தவன் யுகேந்திரன், அவன்தான் டைரக்டராம். ஒல்லியாக இருப்பவன் தருண், நடிக்கிறவன். நிவேதிகா கேமரா. பரீட்சைக்குப் பதிலாக ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டுமாம். திரில்லர்.

யுகேந்திரன் வாசலில் நின்றபடியே வீட்டை மேலும் கீழும் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது அவனுக்கு.

"சூப்பருங் ஆன்ட்டி! கொலை நடந்த வீடு மாதிரியே இருக்குதுங்!"

"எங்க வீட்டுக்காரரு ஆசைப்பட்டுக் கட்டுனது சாமி."

"அந்த ஃபீலும் இருக்குதுங்."

எங்கள் ஊர் கோபியில் சினிமா ஒன்றும் புதுசில்லை. வாய்க்கால் மேட்டிலும் நெல்வயலிலும் ஷூட்டிங் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். வெயில் சாய்ந்தால் டீக்கடைக்காரர்கூட "லைட் போயிருச்சு, பேக்கப்" என்றுதான் பெஞ்சைத் தூக்குவார். அதனால் நான் மிரளவில்லை.

பின்னறையைக் கேட்டார்கள். அதில் ஒரு கட்டிலும் ஃபேனும் தவிர ஒன்றுமில்லை, எனக்கு அங்கே போக வேலையுமில்லை, பூட்டித்தான் இருக்கிறது என்றேன்.

"அதுதானுங் வேணும்" என்றான்.

சரி என்றேன். வீட்டில் மனுசச் சத்தம் கேட்டு நாளாயிற்று என்பதற்காக இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டால் எப்படி மாட்டேன் என்பது.

ஜனவரி 26, ஞாயிறு

காலையிலேயே வந்து சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆள் எங்கே நிற்பது, கேமரா எங்கே நிற்பது என்று திட்டம் போடுகிறார்கள். என் காய்கறிக் கூடையை இழுத்துவைத்துக்கொண்டு, கத்தரிக்காய் கொலைகாரன், பெரிய வெங்காயம் பிணம், தக்காளி போலீஸ், தீப்பெட்டி கேமரா என்று வைத்துக்கொண்டார்கள். கத்தரிக்காய் கதவைத் திறந்து வருகிறது. வெங்காயம் படுத்திருக்கிறது.

"தீப்பெட்டியை இங்க வெச்சா கத்திரிக்கா லோ ஆங்கிள்ல வரும். பெருசா, பயமா" என்றாள் நிவேதிகா.

"கத்திரிக்காவைப் பாத்து யாருடி பயப்படுவா?" என்றான் தருண்.

"ஒன்னோட நடிப்பைப் பாத்துப் பயப்படறமில்ல?"

கீழே வைத்து எடுத்தால் ஆள் பெரிதாகத் தெரிவான், மேலே வைத்து எடுத்தால் சின்னதாக, பாவமாகத் தெரிவான். இதைக் கற்றுக்கொடுக்க ஒரு வருஷம் ஆயிற்றாம் அவர்கள் வாத்தியாருக்கு. அப்புறம் யுகேந்திரன் என் கோலப்பொடியை எடுத்துச் சமையல்கட்டிலிருந்து பின்னறை வாசல் வரைக்கும் ஒரு கோடு இழுத்தான். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசினால் அவர்களுக்கு நடுவில் இப்படி ஒரு கோடு இருக்குமாம். கேமரா கோட்டுக்கு ஒரு பக்கமே இருக்க வேண்டும். தாண்டினால் யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று பார்க்கிறவனுக்குக் குழம்பிவிடுமாம்.

இது எனக்கு உடனே புரிந்தது. அவரும் நானும் இருபத்தேழு வருஷம் கோட்டைத் தாண்டாமல்தான் பேசினோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எங்களுக்குப் பிள்ளை கிடையாது, நடுவில் வந்து குழப்ப ஆளில்லை.

மத்தியானம் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். கொலைகாரனைப் போட்டுவிட்டேன் என்று யுகேந்திரனுக்கு வருத்தம். மூன்று பேரும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஜனவரி 29, புதன்

ஷாட் எல்லாவற்றையும் பெரிய சார்ட்டில் எழுதி, கட்டம் கட்டமாகப் பொம்மை வரைந்து கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பொம்மைகளுக்குத் தலை வட்டமாகவும் உடம்பு குச்சியாகவும் இருக்கிறது. படத்தின் பெயர் "மரணக் கோணம்". கூட்டிப் பெருக்கும்போது எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். கொலை எதற்கு என்று எங்கேயும் எழுதவில்லை. கேட்டேன்.

"அது இன்னும் யோசிக்கலீங் ஆன்ட்டி. ஷாட்டெல்லாம் ரெடி" என்றான் யுகேந்திரன்.

நடுவில் ஒரு கட்டத்தில் ஃபேன் மட்டும் வரைந்திருக்கிறது. "பிணத்தின் பார்வையில்" என்று கீழே எழுதியிருக்கிறது.

"செத்தவங்க எப்படிச் சாமி பாப்பாங்க?"

"அதுதானுங் ஆன்ட்டி சினிமா."

அதைச் சரிபார்க்கப் பின்னறையைத் திறந்து ஃபேனைப் போட்டார்கள். டக், டக், டக் என்று ஆடியபடி சுற்றியது. அந்தச் சத்தம் கூடம் வரைக்கும் வந்தது.

பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றிவிட்டது. நான் பாலைப் பார்க்காமல் பின்னறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேனாம். நிவேதிகா சொல்லித்தான் தெரியும். "பெரிம்மா, பாலு!" என்று தோளைத் தொட்டாள். பால்காரர் தண்ணீர் அதிகம் கலக்கிறார் போல, சீக்கிரம் பொங்கிவிடுகிறது.

பிப்ரவரி 1, சனி

முதல் நாள் ஷூட்டிங். பூசணிக்காய் உடைத்தார்கள். யுகேந்திரனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதாம். கிடையாது என்று சொல்லிக்கொண்டே சுற்றினான். மூன்று சுற்று.

தருண் கதவைத் திறந்து வருகிற ஷாட்டை மத்தியானம் வரைக்கும் எடுத்தார்கள். கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்தாள் நிவேதிகா. சாய்த்துப் பிடித்தால் ஏதோ சரியில்லை என்று பார்க்கிறவனுக்குத் தோன்றுமாம். அப்புறம் போனை ஃபேன் றெக்கையில் கட்டிச் சுற்றவிட்டார்கள். யுகேந்திரனின் யோசனை. போன் அவிழ்ந்து போய் மேலே அட்டாலிப் பரணில் விழுந்தது. யாருடைய போன் என்று பார்த்தால் யுகேந்திரனுடையது. நிவேதிகாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

சாயங்காலம் தருண் பிணத்தைப் பார்த்து அழுகிற ஷாட். சின்னக் குப்பியிலிருந்து கண்ணில் விட்டார்கள். பொலபொலவென்று கொட்டியது. அவனுக்குத் துக்கமே இல்லை, இடது கையில் முறுக்கு வைத்திருந்தான்.

"அது என்ன அம்முணி?" என்று நிவேதிகாவிடம் கேட்டேன்.

"கிளிசரின் பெரிம்மா."

"மருந்துக் கடையிலயே கெடைக்குமா?"

"உங்களுக்கு எதுக்குங் பெரிம்மா?"

கைகால் வெடிப்புக்கு என்றேன். மீதியிருந்ததை என்னிடமே கொடுத்துவிட்டாள். கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். மாசி இன்னும் பிறக்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

இன்றைக்கு யாரும் வரவில்லை, காலேஜ் இருக்கிறது. ரேஷன் கடைக்குப் போய் வந்தேன். வெயில்.

ஃபேனைப் பற்றி எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாராவது படித்தால் நியாயம் தெரியட்டும்.

வீடு கட்டி ஃபேன் மாட்டிய கொஞ்ச நாளிலிருந்தே அது ஆடும். "றெக்கை ஒண்ணு வளஞ்சிருக்குது" என்பார் அவர். "வோல்டேஜ் பத்தல" என்பேன் நான். "நின்னுட்டுப் பாத்தா என்ன தெரியும்? இப்படி வந்து படுத்துப் பாருடி, தெரியும்" என்பார். "எனக்கு வேற வேலை இல்லீங்களா?" என்பேன். தினமும் மத்தியானம் சாப்பிட்டுப் படுக்கும்போது இதுதான். விருந்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தெரியும். நாத்தனாருக்கு மனப்பாடம்.

போன மாசியில் அன்றைக்கும் அதேதான். அவர் றெக்கை என்றார், நான் வோல்டேஜ் என்றுவிட்டுக் காபி வைக்கப் போனேன். காபியைக் கொண்டுபோய் ஸ்டூலில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து, "வோல்டேஜுதான்" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஃபேன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

துணி ஊறப் போட்டிருக்கிறேன். துவைக்கப் போகிறேன்.

பிப்ரவரி 8, சனி

பிணத்துக்கு ஆள் இல்லாமல் ஷூட்டிங் நின்றுவிட்டது.

தருண்தான் இரண்டு வேஷம் போடுவதாக இருந்தது. அவன் அம்மா போன் செய்து, என்னிடமே கொடுக்கச் சொல்லிப் பேசினார். "ஏனுங்க்கா, எம்பையனுக்கு ஏழரைச் சனி ஓடுது. இப்பப் போயி அவனைப் பொணமாப் படுக்க வெக்கறீங்களே, உங்களுக்கே நல்லாருக்குதா?" நான் படுக்கவைக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அந்தம்மா கேட்கவில்லை.

தலையணைக்கு வேட்டி கட்டிப் படுக்கவைத்தார்கள். கேமராவில் தலையணை தலையணையாகவே தெரிந்தது. கடைசியில் யுகேந்திரனே படுத்தான். ஆனால் "ஆக்‌ஷன்", "கட்" எல்லாம் அவனேதான் சொல்ல வேண்டும். பிணம் கண்ணை மூடிக்கொண்டே "கொஞ்சம் லெஃப்ட்ல வா" என்றது. "தருணு, இன்னும் அழுவு" என்றது. நடுவில் எழுந்து உட்கார்ந்து மானிட்டரைப் பார்த்தது.

நிவேதிகா கேமராவை மூடிவிட்டாள். "நீ படம் எடுக்கறியா, சாவறியா? ஏதாச்சும் ஒண்ணு பண்ணு."

"ஒரு டெட்பாடிகூட ஏற்பாடு பண்ணித் தர முடியல, நீயெல்லாம் டீமா?"

"ஒங்கம்மாவைக் கூட்டிட்டு வந்து படுக்க வையேன்!"

கோலப்பொடிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் அவளும். நான் காபி கொண்டுபோன தட்டோடு அங்கேயே நின்றேன். கேட்க நன்றாக இருந்தது என்று எழுத வரவில்லை. சண்டை போடக் கூடாது என்று சொல்லத்தான் நின்றேன். சொல்ல மறந்துவிட்டது.

அவர்களுக்குக் கடைசித் தேதி நெருங்குகிறதாம். நான் படுக்கிறேன் என்றேன். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரே ஒரு நெபந்தனை சாமி. செத்த மாதிரி எடுத்ததும், அதே கேமராவுல அப்படியே சிரிக்க வெச்சு ஒரு ஷாட் எடுக்கோணும். உங்க சார்ட்டுல அது இல்ல, பாத்தேன்."

"அது எதுக்குங் ஆன்ட்டி?"

"கோபியில ஷூட்டிங் பாத்த எல்லாருக்கும் தெரியும். பொணமா நடிச்சவங்களைச் சிரிக்க வெச்சு எடுத்தாத்தான் சாவு கழியும். எத்தனை பெரிய நடிகரா இருந்தாலும் பாடையில இருந்து எந்திரிச்சுப் பல்லைக் காட்டிட்டுத்தான் மூஞ்சி கழுவப் போவாங்க."

"மூடநம்பிக்கைங் ஆன்ட்டி."

"பூசணிக்கா உடைச்சியே?"

"அது வேறீங்."

சார்ட்டில் கடைசிக் கட்டத்தில் நிவேதிகாவே ஒரு வட்டம் போட்டு, அதற்குள் சிரிக்கிற வாய் வரைந்தாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையிலேயே வந்தார்கள். நிவேதிகா பின்னறை அட்டாலியில் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டு, சுற்றுகிற ஃபேனுக்கு நடுவே கீழே பார்த்து எடுப்பதாகத் திட்டம். மேல் கோணம். ஆள் சின்னதாக, பாவமாகத் தெரிய வேண்டும்.

"பொட்டு வேணும். வீட்டம்மா சுமங்கலியா செத்தாத்தான் இம்பாக்ட்" என்றான் யுகேந்திரன். நிவேதிகா தயங்கினாள். சினிமாதானே அம்முணி, ஒட்டு என்றேன். ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை நெற்றியில் ஒட்டினாள்.

பத்து மாசமாய் நுழையாத அறை. நுழைந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலா, கட்டிலிலேயா என்று கேட்டேன். கட்டிலில் என்றான். அவர் படுக்கிற பக்கம் படுத்தேன். அந்தப் பக்கம்தான் கேமராவுக்கு வசதி.

"கண்ணைத் தொறந்தே இருக்கணும் ஆன்ட்டி. மேல ஃபேனைப் பாத்துட்டே. இமைக்கக் கூடாது. ஆக்‌ஷன்!"

பார்த்தேன்.

ஃபேன் மெதுவாகத்தான் சுற்றியது, அவர்கள் ரெகுலேட்டரை ஒன்றில் வைத்திருந்தார்கள். மூன்று றெக்கை. இரண்டு ஒரே மட்டத்தில் வருகிறது. மூணாவது வரும்போது மட்டும் ஒரு விரற்கடை கீழே தாழ்ந்து வருகிறது. நின்று பார்த்தால் தெரியாது. கதவருகே இருந்து பார்த்தால் தெரியாது. அந்தத் தலையணையில் தலை வைத்தால்தான் தெரியும்.

"கட்! கட்! ஆன்ட்டி, பொணம் அழுவக் கூடாதுங்!"

"யாரு சாமி அழுவறா?" என்றேன். காதுக்குள் தண்ணீர் போயிருந்தது.

துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். மறுபடியும். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. தருண் துண்டோடு கட்டில் காலடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டுக்கும் எழுந்து என் முகத்தைத் துடைத்தான். பாடை தூக்கும்போது வராதது, பதினாறாம் நாள் வராதது, வரவே கூடாது என்று டைரக்டர் கத்தும்போது வந்துகொண்டே இருந்தது.

"கிளிசரின் போட்டவனுக்குக்கூட இவ்வளவு வரலீங்! டெட்பாடிக்கு எப்படிங் வருது?"

"விடுடா, நல்லாத்தான் இருக்கு" என்று அட்டாலியிலிருந்து நிவேதிகா குரல் வந்தது. அவளுக்கும் மூக்கு அடைத்திருந்தது. அட்டாலியில் தூசி.

கடைசியில் அவன் சலித்துப்போய், இருப்பதை வைத்துச் சமாளிக்கிறேன் என்றான். "சரி, அந்தச் சிரிப்பு ஷாட். சிரிங் ஆன்ட்டி."

சிரிப்பு வரவில்லை. தருண் குரங்கு மாதிரி செய்து காட்டினான். அவர்கள் வாத்தியார் மாதிரி நடந்து காட்டினான். நான் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

"பல்லை மட்டும் காட்டுனாப் போதுமுங் ஆன்ட்டி. லைட் போவுது."

"வரமாட்டீங்குது சாமி."

"அங்க மேல அப்படி என்னத்தைத்தானுங் பாத்தீங்க?"

"றெக்கை ஒண்ணு வளஞ்சிருக்குது."

யுகேந்திரன் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தான். "எங்கீங்? எல்லாம் நேராத்தான் இருக்குது. வோல்டேஜ் கம்மியா இருந்தா அப்படித்தானுங் ஆடும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நின்னுட்டுப் பாத்தா என்ன தெரியும்? படுத்துப் பாரு, தெரியும்!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, யார் பேசுகிற பேச்சை நான் பேசிவிட்டேன் என்று. கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டு, அவருடைய தலையணையிலிருந்து, அவர் குரலிலேயே. எதிர்ப் பக்கத்தில் நின்று தாடி வைத்த ஒருவன் என்னைப் போலவே பேசுகிறான்.

சிரித்துவிட்டேன். வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தேன். கட்டில் ஆடியது. யுகேந்திரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ரோலிங்கா? ரோலிங்கா?" என்று அட்டாலியைப் பார்த்துக் கத்தினான்.

"ரோலிங்!" என்றாள் நிவேதிகா.

சாவு கழிந்தது.

பொட்டை எடுக்க மறந்துவிட்டேன். ராத்திரி கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. பசை நன்றாக ஒட்டியிருந்ததால் காலையில் குளிக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

குளித்தேன்.

பிப்ரவரி 22, சனி

சுவரில் ஒட்டிய சார்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பசை பட்ட இடத்தில் சுண்ணாம்பு உரிந்திருக்கிறது. வீடு அமைதியாக இருக்கிறது. மோருக்குத் தாளித்தேன்.

மார்ச் 3, திங்கள்

திதி முடிந்தது.

ஒறம்பரை நிறைய. பிண்டம் வைக்கும்போது எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நானும் முயன்றேன். குப்பி அலமாரியில் இருப்பது ஞாபகம் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. ஒரு தடவை அழுததைத் திரும்ப எடுக்கிறதற்கு நான் என்ன தருணா.

நாத்தனார் முகம் கழுவ வந்தவர் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார்.

"இது என்ன, கண்ணு மருந்தா?"

"கண்ணுல விடறதுதானுங் அண்ணி, ஆனா..."

முழுசாகச் சொல்வதற்குள் இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பந்தி முடிகிற வரைக்கும் கொட்டியது. "அக்கான்னா இப்படியல்லோ இருக்கோணும்" என்று ஒருத்தர் விடாமல் சொன்னார்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் பாயசம் போதுமா என்று கேட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

காலேஜில் படத்தைப் போட்டார்கள். நிவேதிகா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஏசி குளிர்.

கதவு சாய்ந்து திறக்கிறது. தருணின் கால் வருகிறது. சுவர்க் கடிகாரம் வருகிறது. தருணின் மற்றொரு கால் வருகிறது. கொலை யார் செய்தது, எதற்குச் செய்தது, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண் கொட்டாவி விட்டது.

அப்புறம் மேலிருந்து நான் வந்தேன். சுற்றுகிற றெக்கைகளுக்குக் கீழே, சின்னதாக, நெற்றியில் பொட்டோடு. கண்ணோரத்தில் ஒரு சொட்டு இறங்குகிறது. கொட்டாவி விட்ட பெண் நிமிர்ந்து உட்கார்ந்தது. இத்தனை சின்ன ஆளா நான் என்று இருந்தது. அவர் தினமும் என்னை இந்தப் பக்கமிருந்து பார்த்ததில்லை, நல்லவேளை.

படம் அங்கே முடிய வேண்டும். முடியவில்லை. பிணம் திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கட்டிலே ஆடியது. பிறகு திரை கறுத்தது.

பக்கத்தில் நிவேதிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ பெரிம்மா, கடைசி ஷாட்டோட வாலை வெட்ட மறந்துட்டான்!"

ஆனால் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நடுவராக வந்திருந்த கண்ணாடி போட்டவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, செத்தவள் சிரிப்பது இந்தச் சமுதாயத்தைப் பார்த்துத்தான் என்றார், கொலைகாரன் யார் என்று அந்தச் சிரிப்பு நம்மையே கேட்கிறது என்றார், அந்தக் கண்ணீருக்கும் சிரிப்புக்கும் நடுவில் இருப்பதுதான் பெண்ணின் வாழ்க்கை என்றார். நிறையப் பேசினார்.

"மொதல்ல இருந்தே அதுதானுங் சார் ஐடியா" என்றான் யுகேந்திரன்.

முதல் பரிசு.

மேடையிலிருந்து இறங்கி வந்து என் காலைத் தொட்டான். "நீங்க சொன்ன ஷாட்டுதானுங் ஆன்ட்டி காப்பாத்துச்சு. அடுத்த படத்துல உங்களை அஞ்சு தடவை கொல்றமுங்."

மார்ச் 16, ஞாயிறு

படத்தைப் போனில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். எதிர்பார்த்தபடி நாத்தனார் போன் செய்தார். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"பாத்தேன்" என்றார். "அந்தப் படத்துல அழுதியே, அது அந்தக் குப்பியா?"

"இல்லீங் அண்ணி. அண்ணி, அன்னிக்கு நீங்க கண்ணு மருந்துன்னு..."

"கோபியில பொறந்தவளுக்குக் கிளிசரின் தெரியாதாடி?"

கீழே கிடந்த துடைப்பத்தை எடுத்துச் சுவரில் சாய்த்தேன்.

"எனக்கும் அன்னிக்கு வரல மயிலாத்தா. உள்ளுக்குள்ள வறண்டு கெடந்துச்சு. அழுவலைன்னு உன்னையவே வருசம் பூராவும் பேசிட்டு, நானும் கல்லாட்டம் நின்னா நல்லாருக்குமா? அதான் எடுத்து விட்டுக்கிட்டேன். எரிச்சலு ரெண்டு நாளைக்குப் போவல." மூக்கை உறிஞ்சினார். "அது கெடக்குது. படத்துல எதுக்கு அழுத?"

"ஃபேன் றெக்கை ஒண்ணு வளஞ்சிருக்குதுங் அண்ணி."



"படுத்துப் பாத்தியா?"

"பாத்தனுங்."

"அப்ப... எந்தம்பி சொன்னதுதான் சரி."

"ஆமாங் அண்ணி. அவரு சொன்னதுதான்."

அதற்கப்புறம் அவர் அழுதார். குப்பி இல்லாமல். வெகுநேரம். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். "செயிச்சுட்டான், செயிச்சுட்டான்" என்று நடுநடுவே சொன்னார்.

மார்ச் 19, புதன்

எலெக்ட்ரிசியன் வந்தார். அந்த றெக்கையை நிமிர்த்தச் சொல்லலாம் என்றுதான் கூப்பிட்டேன். ஏணி போட்டு ஏறிப் பார்த்தார்.

"றெக்கை வளஞ்சது இப்பத்தானுங்க்கா. யாரோ எதையோ கட்டிச் சுத்தவிட்டிருக்காங்க, கயித்துத் தடம் தெரியுது."

யுகேந்திரனின் போன்.

"அப்ப முன்னாடி எதுக்குங் ஆடுச்சு? வோல்டேஜுங்களா?"

"வோல்டேஜுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லீங்க்கா. மேல கொக்கியில ரப்பர் தேஞ்சு போச்சு. மாட்டுன நாள்ல இருந்தே அது சரியில்ல. மாத்திரட்டுங்களா?"

"கழண்டு விழுந்துருமா?"

"விழுவாதுங். சத்தந்தான்."

"அப்ப இருக்கட்டும். றெக்கையையும் தொடாதீங்க."

ஏணியை மடக்கிவைத்து, காபி குடித்துவிட்டுப் போனார்.

ஆக அவரும் தோற்றார், நானும் தோற்றேன். இத்தனை வருஷமும் ஒரு ரப்பருக்காகப் பேசியிருக்கிறோம். அண்ணிக்கு இதைச் சொல்லப் போவதில்லை. அவருடைய தம்பி ஜெயித்ததாகவே இருக்கட்டும்.

ஆனால் சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டிலும் மோட்டார் போட்டு விளக்கு மங்குகிற நேரத்தில் ஃபேன் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆடுகிறது. படுத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வோல்டேஜும்தான்.